சொற்சிலம்பம்: வாசகர் கேள்வி பதில்

கே: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விழாவில் "காக்கைக்கா காகூகை" பாடலை மூச்சுவிடாமல் சொல்லிப் பரிசு வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் "இதற்கு என்னம்மா பொருள்?" என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. பொருள் உண்டா, நாக்குப் பழகுவதற்காக மட்டும் எழுதியதா?
(இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: பொருள் உண்டு அம்மா. அதுவும் ஓர் அரசனுக்குச் சொல்லும் பொருள். காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் அந்தப் பாடல் முழுவதும் இதுதான்:

காக்கைக்கா காகூகை கூகைக்கா காகாக்கை
கோக்குக்கூ காக்கைக்குக் கொக்கொக்க - கைக்கைக்குக்
காக்கைக்குக் கைக்கைக்கா கா.

தொடக்கத்திலிருந்து முடிவுவரை ககர வரிசை தவிர வேறு எழுத்தே இல்லை. முதல் அடியைப் பிரித்தால் "காக்கைக்கு ஆகா கூகை, கூகைக்கு ஆகா காக்கை" என்று வரும். கூகை என்றால் ஆந்தை. இரவில் காக்கையால் கூகையை வெல்ல முடியாது. பகலில் கூகையால் காக்கையை வெல்ல முடியாது. அடுத்து "கோக்குக் கூ காக்கைக்கு", அதாவது அரசன் நிலத்தைக் காப்பதற்கு. "கொக்கு ஒக்க", கொக்கைப் போல நேரம் பார்த்திருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் திருக்குறள் நினைவுக்கு வரவில்லையா? "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று தொடங்குவது 481ஆம் குறள். "கொக்கொக்க கூம்பும் பருவத்து" என்று தொடங்குவது 490ஆம் குறள். காலமறிதல் என்னும் அதிகாரத்தின் முதல் குறளும் கடைசிக் குறளும் அவை. ஓர் அதிகாரத்தின் இரண்டு முனைகளையும் பிடித்து மூன்றே அடிக்குள், ஒரே வரிசை எழுத்துகளால் முடிந்திருக்கிறார் புலவர். நன்னூல் என்ற இலக்கண நூல் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்கிடுகிறது. அவற்றுள் ககர வரிசைக்கு உரியவை நான்கு: கா, கூ, கை, கோ. இந்தப் பாடலின் தசையும் எலும்பும் அந்த நான்கும்தான்.

மீதி ஒன்றரை அடியை நான் பிரித்துத் தரப்போவதில்லை. உங்கள் மகளோடு உட்கார்ந்து நீங்கள் பிரியுங்கள். துணைக்கு ஒன்று சொல்கிறேன்: "ஐ" என்ற ஓரெழுத்துக்குத் தலைவன் என்று பொருள். காலம் தவறினால் எப்படிப்பட்ட தலைவனுக்கும் கைகூடாது என்ற இடத்துக்கு நீங்கள் வந்து சேர வேண்டும். உரையைப் பார்க்காமல் வந்து சேர்ந்தால், விழாவில் வாங்கிய பரிசைவிடப் பெரிய பரிசு அது.

கே: நான் வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் திருமலைராயன்பட்டினம் இருக்கிறது. காளமேகம் சபித்து அங்கே மண்மாரி பெய்தது என்று எங்கள் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் சொல்கிறார். இளைஞர்கள் சிரிக்கிறார்கள். இதில் எது வரலாறு, எது கதை?
(வங்கி ஊழியர், காரைக்கால்)

ப: சிரிக்க வேண்டாம் என்று அந்த இளைஞர்களிடம் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம்.

கையில் பிடிக்கக் கூடியவற்றை முதலில் சொல்கிறேன். காளமேகம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அதே நூற்றாண்டில் விஜயநகர அரசின் கீழ்ச் சோழநாட்டுப் பகுதியில் அதிகாரம் செலுத்தியவர் திருமலைராயன். அவர் பெயரை உங்கள் பக்கத்து ஊர் தாங்குகிறது. அங்கே ஓடும் ஆறும் தாங்குகிறது. காளமேகத்தின் பாடல்கள் பலவற்றில் "திருமலைராயன் வரையில்" என்ற தொடர் வருகிறது. அது புலவர் வைத்துவிட்டுப் போன முகவரி.

இனிக் கதை. வரதன் என்ற இளைஞர் திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் சமையல் செய்தவர். திருவானைக்காவில் ஆடல் தொண்டு செய்த ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்துச் சைவரானார். ஒருநாள் இரவு ஆனைக்கா கோயிலில் தூங்கிக் கிடந்தபோது அகிலாண்டேசுவரி தாம்பூலச் சாற்றை அவர் வாயில் உமிழ்ந்தாள். அதிலிருந்து மழைபோலக் கவி கொட்டியது. அதனால் காளமேகம் என்று பெயர் வந்தது. பிறகு திருமலைராயன் அவையில் அங்கிருந்த புலவர் அதிமதுரகவிராயரோடு மோதல். நெருப்புக் குழிக்கு மேலே தொங்கும் உறியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் கேட்ட கணத்தில் பாட வேண்டிய யமகண்டம் என்ற சோதனை. வென்ற பிறகும் அவையில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அந்தச் சினத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் பாடல் இது:

கோளர் இருக்கும்ஊர் கோள்கரவு கற்றஊர்
காளைக ளாய்நின்று கதறும்ஊர் - நாளையே
விண்மாரி அற்று வெளுத்து மிகக்கறுத்து
மண்மாரி பெய்கவிந்த வான்.

கடற்கரை ஊரில் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து கொட்டுவது புதுமை அல்ல. அந்த ஊர் மக்கள் மணலைப் பார்த்திருக்கிறார்கள், பாட்டையும் கேட்டிருக்கிறார்கள், இரண்டையும் இணைத்துக்கொண்டார்கள். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவமதிக்கப்பட்ட ஒரு புலவரின் பக்கம் ஊரே நின்று, "வானமும் அவருக்காகக் கோபித்தது" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது. அந்த அன்பு எனக்குக் கல்வெட்டைப் போலவே முக்கியமானது. கதையை எடுத்தெறிந்திருந்தால் பாட்டும் அதனோடு போயிருக்கும். தனிப்பாடல்கள் நூலாகத் தொகுக்கப்படுவதற்கு முன் பெரும்பாலும் கதைகளின் முதுகில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயின.

பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். விண்மாரி, மண்மாரி என்று ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. வாழவைக்கும் மழையும் அழிக்கும் மழையும் அந்த ஓர் எழுத்துத் தொலைவில் இருக்கின்றன.

கே: பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒன்றாக்கும் சிலேடைப் பாடலில் "வெஞ்சினத்தில்" என்பது பழத்துக்கு எப்படிப் பொருந்தும்? பழத்துக்கு ஏது சினம்?
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

ப: உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்
வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது - விஞ்சுமலர்த்
தேம்பாயும் சோலைத் திருமலைரா யன்வரையில்
பாம்பாகும் வாழைப் பழம்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியை வெஞ்சனம் என்பார்கள். தென்மாவட்டங்களில் வயதானவர்கள் வாயில் இன்னும் இருக்கும் சொல் அது. பாம்பு வெஞ்சினத்தோடு கடித்தால் கடிபட்டவர் உயிர் மீளாது. சோற்றோடு தொட்டுக்கொள்ளும் பழம் பல்லில் பட்டால் மீண்டு வராது, வயிற்றுக்குள் போய்விடும். "நஞ்சிருக்கும்" என்பதும் அப்படியே. பாம்புக்கு நஞ்சு, கனிந்து நைந்ததைப் பேச்சில் நஞ்சுபோனது என்கிறோமே, அது பழத்துக்கு. ஐநூறு ஆண்டுகளுக்கு முந்திய சமையலறைப் பேச்சு அப்படியே பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. புலவர் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்ற கதை இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது.

சிவன் முடியில் பாம்பு இருப்பது புராணம். சிவனுக்கு வாழைப்பழத்தால் அபிடேகம் செய்வது கோயில் வழக்கம். திருமலைராயன் வரலாறு. மூன்றும் நான்கு அடிக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கின்றன.

கே: நான் கணித ஆசிரியை. "முக்காலுக்கு ஏகாமுன்" பாடலில் பின்னங்கள் ஒளிந்திருப்பதாக ஒரு கூட்டத்தில் கேட்டேன். வகுப்பில் பயன்படுத்த முடியுமா?
(ஆசிரியை, ஈரோடு)

ப: இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையது. கட்டாயம் பயன்படுத்துங்கள்.

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் - விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.

முதலில் மாணவர்களிடம் கணக்காக மட்டும் காட்டுங்கள். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை. இன்றைய எழுத்தில் சொன்னால் 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20, 1/640. எட்டு அளவுகள். ஒவ்வொன்றும் தனக்கு முன்னதைவிடச் சிறியது. ஓர் இடத்திலும் வரிசை தவறவில்லை. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பின்னங்களை இறங்குவரிசையில் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகூட இதைச் சரிபார்க்க ஆசைப்படும்.

பிறகு பதம் பிரியுங்கள். இரண்டு கால் போதாமல் கோலும் சேர்ந்து முக்கால் ஆவதற்கு முன். முன் நரை விழுந்து தளர்வதற்கு முன். அந்தக் காலரை, அதாவது யமனுடைய தூதரைக் கண்டு அஞ்சுவதற்கு முன். விக்கி இருமுவதற்கு முன். மா காணியாகிய சுடுகாட்டுக்குப் போவதற்கு முன். காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழே இருப்பவரை இன்றே துதி. மாமரத்தின் அடியில் உமை மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்டாள் என்பது காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலபுராணம். "ஒரு மா" என்ற பின்னம் அந்த மரமாகிவிடுகிறது. "கீழரை" என்ற மிகச் சிறிய அளவு அம்மரத்தின் கீழிருக்கும் இறைவனாகிவிடுகிறது.

எண்கள் ஏன் இறங்குவரிசையில் நிற்கின்றன என்பதற்கு உரைகாரர் யாரும் தேவையில்லை. வயது ஏற ஏற மிச்சமிருக்கும் நாள் குறைகிறது. முக்கால் பங்கிலிருந்து மாகாணி வரைக்கும் தேய்கிறது. பொருள் இறங்கும் படியிலேயே எண்ணும் இறங்குகிறது. சொல் விளையாட்டு என்று இதை ஒதுக்குபவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இந்தச் சொற்கள் ஒரு காலத்தில் அரியவை அல்ல. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகள் மாகாணி வாய்பாட்டை மனப்பாடமாகச் சொன்னார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலக்கணக்கு முந்திரிக்கும் கீழே போய்க் கீழ்வாய்ப் பின்னங்கள் வரை எழுதப்பட்டிருக்கிறது. முந்திரி என்றால் 1/320. அதில் பாதி கீழரை. 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய் என்று இருந்தவரை ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் மாகாணிதான். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி பத்தின் அடுக்கில் நாணயம் வந்த பிறகு இந்தச் சொற்களில் பல கடைத்தெருவிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறின. பாட்டுக்குள் மட்டும் எட்டும் பத்திரமாக இருக்கின்றன.

பாடலைப் பலகையில் எழுதும்போது எச்சரிக்கை. நான் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தபோது ஒரு தொகுப்பு நூலில் "முன் அரையில்" என்று அச்சிட்டிருந்தார்கள். அரை பிழைத்தது, நரை செத்தது. முதலில் சேர்த்தே எழுதுங்கள். பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும். எங்கே பிரிகிறது என்று அவர்கள் காது சொல்லும்.

கே: ஔவையாரும் கம்பரும் சந்தித்து ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டது உண்மையா? "எட்டேகால் லட்சணமே" பாடலை விளக்க முடியுமா?
(தையற்கலைஞர், விருதுநகர்)

ப: ஔவையார் என்ற பெயரில் ஒருவர் அல்லர், பலர் வாழ்ந்திருக்கிறார்கள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்ககாலத்து ஔவையார் வேறு. சோழர் காலத்தவராகச் சொல்லப்படும் ஔவையார் வேறு. கம்பரோடு மோதியதாகக் கதை சொல்வது பின்னவரைப் பற்றி. "ஒருகாலில் நாலிலைப் பந்தலடி" என்று கம்பர் ஆரைக்கீரையை விடுகதையாக்கி, அந்த "அடி"யில் ஔவையை இளக்காரம் செய்தார்; ஔவை திருப்பிக் கொடுத்தார்.

எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே
மட்டில் பெரியம்மை வாகனமே - முட்டமேற்
கூரையில்லா வீடே குலராமன் தூதுவனே
ஆரையடா சொன்னாய் அடா.

தமிழ் எண்களில் எட்டுக்கு உரிய வடிவம் "அ". கால் என்ற பின்னத்துக்கு உரிய வடிவம் "வ". எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். எமன் ஏறும் பரி எருமை. பெரியம்மை என்பவள் மூதேவி. அவளுடைய வாகனம் கழுதை. கூரையில்லா வீடு குட்டிச்சுவர். இராமனின் தூதர் குரங்கு. "ஆரையடா சொன்னாய்" என்பதில் யாரைச் சொன்னாய் என்ற அதட்டலும் இருக்கிறது, ஆரைக்கீரைதானே என்ற விடையும் இருக்கிறது.

சந்திப்பு நடந்ததா என்பதைவிட, இந்தக் கதையை உருவாக்கியவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதே என்னை ஈர்க்கிறது. கவிச்சக்கரவர்த்தி என்று நாடே கொண்டாடியவரின் எதிரே, கையில் கோலோடு கால்நடையாக வரும் ஒரு கிழவியை நிறுத்தி அவளை வெல்லவைத்திருக்கிறார்கள். புராணம் முழுவதையும் அவள் கையில் வசைச்சொற்களாகக் கொடுத்திருக்கிறார்கள். எமனும் மூதேவியும் இராமனும் அவள் கூப்பிட்டால் வருகிறார்கள்.

கே: புலமை வாதில் தோற்றவர்களின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார் என்கிறார்களே?
(வாசகர், ஆரணி)

ப: அப்படி ஒரு கதை வழங்குகிறது; சான்று எதுவும் இல்லை. தமிழில் பாரதம் பாடிய பெருங்கவிஞர் அவர். அவரோடு வாதுக்கு நின்ற அருணகிரிநாதர் கந்தரந்தாதியின் 54ஆம் பாடலை, "திதத்தத்தத் தித்த" என்று தகர வரிசை மட்டும் வரும் பாடலைச் சொன்னார். பொருள் சொல்ல முடியாமல் வில்லிபுத்தூரார் திகைத்தார் என்பது கதை. நான் இதைச் சொல்லும்போது கடைசிப் பகுதியை விடுவதில்லை. வென்ற அருணகிரியார் தோற்றவரின் காதைத் தொடவில்லை. அந்த வழக்கத்தைக் கைவிடும்படி சொல்லி அனுப்பினார்.

கே: பின்னாலிருந்து படித்தாலும் முன்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் பாடல் தமிழில் எவ்வளவு பழையது? "விகடகவி", "தேரு வருதே" போன்றவைதான் எனக்குத் தெரியும்.
(அஞ்சல் துறை ஓய்வூதியர், சிதம்பரம்)

ப: உங்கள் ஊரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒரு சிறு பயணம் போனால் சீர்காழி. அந்த ஊர்ப் பிள்ளை திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் இதைப் பாடிவிட்டார். குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டினாள் என்று புராணம் சொல்லுமே, அவரேதான். மாலைமாற்று என்று இதற்குப் பெயர். மூன்றாம் திருமுறையில் ஒரு பதிகம் முழுவதும் இப்படியே அமைந்திருக்கிறது. முதல் பாடல்:

யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா
காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா.

ஒரு தாளில் எழுத்தெழுத்தாக எழுதி, கடைசி "யா"விலிருந்து திரும்பி வாருங்கள். ஓர் எழுத்தும் பிசகாது. உள்ளே யாழ் ஏந்தியவன் இருக்கிறான், நாகம் பூண்டவன் இருக்கிறான், காமனைக் காணாமல் செய்தவன் இருக்கிறான், காழி என்ற ஊரும் இருக்கிறது.

இன்னொன்றையும் அந்தத் தாளிலேயே பாருங்கள். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் நெடில். ஏன்? ஒற்றெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தமிழின் இயல்பு. முன்னிருந்து படிக்கும்போது சொல்லின் கடைசியில் நிற்கும் "ம்" திருப்பிப் படிக்கும்போது சொல்லின் தலையில் வந்து இடறும். அந்தத் தடையைக் குழந்தைக் கவிஞர் ஒரே வழியில் தீர்த்துவிட்டார்: புள்ளியையே பாட்டுக்குள் விடவில்லை. அதனால்தான் இதைப் பாடும்போது ஒவ்வோர் எழுத்தும் வாய் திறந்தபடியே முடிகிறது. பாடிப் பாருங்கள். ஓதுவார் பாடக் கேட்டால் இன்னும் நல்லது. நெடில்களில் அவர் குரல் நடக்கும் இடமெல்லாம் இசைக்கு விட்டுவைத்த இடம் என்பது புரியும். தண்டியலங்காரம் இத்தகைய சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுத்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

கே: இவையெல்லாம் பண்டிதர் வித்தைகள். படித்தால் வியப்பு வருகிறது, கண்ணீர் வருவதில்லை. சொல் விளையாட்டில் மனத்தைத் தொடும் பாடல் ஒன்று சொல்லுங்கள், பார்க்கலாம்.
(செவிலியர், மதுரை)

ப: உங்கள் ஊரிலேயே தருகிறேன்.

இரட்டைப் புலவர்கள் என்று இருவர். ஒருவருக்குக் கண் இல்லை; ஒருவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் ஏறிக்கொள்ள, ஒருவர் வழி சொல்ல, மற்றவர் நடக்க, ஊர் ஊராகப் போனவர்கள். வெண்பாவின் முதல் இரண்டு அடியை ஒருவர் பாட, மற்றவர் முடிப்பார். மதுரையில் பொற்றாமரைக் குளத்தில் கண்ணில்லாதவர் துணி துவைக்கிறார். துணி கை நழுவித் தண்ணீரில் போகிறது. கரையிலிருந்து காலில்லாதவர் பார்க்கிறார். எழுந்து போய் எடுக்க முடியாது. "தப்பினால் நம்மை அது தப்பாதோ" என்று பாடுகிறார். துணியை அடித்துத் துவைப்பதைத் தப்புதல் என்பார்கள். ஓயாமல் நாம் அதைத் தப்பினால், அது நம்மைத் தப்பிப் போகாதா? கண்ணில்லாதவர் முடிக்கிறார்:

இக்கலிங்கம் போனாலென் ஏகலிங்க மாமதுரைச்
சொக்கலிங்கம் உண்டே துணை.

கலிங்கம் என்பது ஆடைக்குச் சங்ககாலத்திலிருந்து வழங்கும் பெயர். மாற்றுத் துணி இல்லாத இரண்டு பேர். இருந்த ஒன்றும் தண்ணீரோடு போகிறது. ஒருவருக்கு அது போவது தெரியவில்லை. ஒருவருக்குத் தெரிந்தும் எழ முடியவில்லை. அந்த நிலையில் கலிங்கம், ஏகலிங்கம், சொக்கலிங்கம் என்று சொல்லை அடுக்கித் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்கிறார்கள். பண்டிதர் வித்தை என்று இப்போதும் சொல்வீர்களா?

கே: நானும் ஒரு சிலேடை முயன்றேன். பால்குடத்துக்கும் திருக்குறளுக்கும். "பாலிருக்கும் ஏடிருக்கும் பாரில் குடிக்குதவும் / பாற்குடமும் வள்ளுவர்நூல் பார்." தளை தட்டுகிறதா? தயங்காமல் திருத்துங்கள்.
(பாலிடெக்னிக் மாணவர், பெரம்பலூர்)

ப: சீரோடு சீர் இணையும் ஓசை முறைதான் தளை. உங்கள் பாட்டில் அது தட்டவில்லை. காய்ச்சீரை அடுத்து நேர் வருகிறது, மாச்சீரை அடுத்து நிரை வருகிறது, ஈற்றுச்சீர் ஓரசையில் நிற்கிறது. இரண்டு அடியும் பகரத்தில் தொடங்கி மோனை பொழிகிறது. இயந்திரப் பொறியியல் படிக்கும் ஒருவர் அசை பிரித்து எழுதிய கடிதத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

"பால்" நன்றாக அமைந்திருக்கிறது. குடத்தில் இருப்பதும் பால், அறத்துப்பால் முதலான பிரிவுகளும் பால். "ஏடு" அதைவிட நன்று. காய்ச்சிய பாலின் மேலே படிவதும் ஏடு, பழைய நூலின் ஓலையும் ஏடு. "குடிக்குதவும்" என்ற இடம்தான் வலுவில்லை. நூலுக்குக் குடிமக்கள் என்றும் பாலுக்குக் குடிப்பது என்றும் கொள்ள நினைத்தீர்கள். ஆனால் பாலும் குடிமக்களுக்குத்தானே உதவுகிறது? இரு பொருளுக்கும் ஒரே அர்த்தம் பொருந்திவிட்டால் அங்கே சிலேடை நிற்காது. சொல் ஒன்றாக இருக்க வேண்டும், பொருள் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

"உறை" என்ற சொல்லை நினைத்துப் பார்த்தீர்களா? பாலைத் தயிராக்க ஊற்றுவது உறை. நூலுக்குப் போடுவதும் உறை. இப்படி வைத்தால் தளையும் கெடாது:

பாலிருக்கும் ஏடிருக்கும் பாங்காய் உறைபெறும்
பாற்குடமும் வள்ளுவர்நூல் பார்.

பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வெண்பா உங்களுடையதுதான். அடுத்து நான்கடியில் ஒரு நேரிசை வெண்பா முயலுங்கள். பொருளை உங்கள் பட்டறையிலிருந்தே எடுங்கள். "அச்சு" என்ற சொல் அங்கே எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.